மாடியில் ஆங்கிலம், அடுக்களையில் தமிழ்

மாணவர்களே! உங்களுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள். தெருவில் கன்னடம் பேசுகிறீர்கள். பள்ளியில் ஆங்கிலம் வழியாகப் படிக்கிறீர்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் மைசூரில் ஒரு சிறுவனும் இவ்வாறே மூன்று மொழிகளுக்கு இடையே வளர்ந்தான். பிற்காலத்தில் உலகம் போற்றும் அறிஞராக விளங்கிய ஏ. கே. இராமானுஜனே அச்சிறுவன்.

இளமை

இராமானுஜன் 1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் மைசூரில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணசுவாமி கணிதப் பேராசிரியர். வானியலிலும் ஈடுபாடு உடையவர். நூல்கள் நிறைந்த அவரது அறை மாடியில் இருந்தது. அங்கே தந்தையாருடன் ஆங்கிலத்தில் பேச வேண்டும். கீழே இறங்கி அடுக்களைக்குள் வந்தால் அன்னையாருடன் தமிழ். வாசலைத் தாண்டினால் விளையாட்டுத் தோழர்களுடன் கன்னடம்.

ஆங்கில ஆசிரியர்

மகாராஜா கல்லூரியில் இராமானுஜன் முதலில் அறிவியலே படித்தார். பின்னர்த் தந்தையாரின் அறிவுரைப்படி ஆங்கில இலக்கியத்திற்கு மாறினார். 1950இல் முதுகலைப் பட்டம் பெற்றார். கொல்லம், பெல்காம், பரோடா முதலிய ஊர்களின் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தார். மாடியில் பழகிய மொழி அவருக்கு முதல் வேலையைத் தந்தது.

மீண்டும் மாணவர்

ஆசிரியப் பணியில் நிலைபெற்ற பின்னும் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. மொழி எவ்வாறு இயங்குகிறது என்று அறிய விரும்பினார். ஆதலால் 1958இல், தமது 29ஆம் வயதில், புனே நகரின் டெக்கான் கல்லூரியில் மொழியியல் பயிலச் சென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்று, இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1963இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இதற்கிடையில், 1962இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்குப் பணி அளித்தது. அப்பணி ஆங்கிலம் கற்பிப்பது அன்று. தமிழையும் பிற திராவிட மொழிகளையும் கற்பிப்பது.

நூலகத்தில் கிடைத்த புதையல்

இராமானுஜனுக்குத் தமிழ் பேச வரும். ஆயினும் பழந்தமிழை அவர் முறையாகக் கற்றதில்லை. சங்கப் பாடல்களில் 'யாய்' என்றால் என் தாய்; 'ஞாய்' என்றால் உன் தாய். வீட்டுத் தமிழை மட்டும் அறிந்தவருக்குத் தாயைக் குறிக்கும் இச்சொற்கள்கூடப் புதியவை அல்லவா? ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர், தாம் அறியாததை மறைக்கவில்லை. தொடக்க நிலை இலக்கண நூல் ஒன்றைத் தேடிப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்திற்குச் சென்றார்.

அங்கே உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையுடன் பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணில் பட்டது. பிறந்த நாட்டில் கற்காத நூலைக் கடல் கடந்து கண்டெடுத்த அவர், அதனை உரையின் துணையுடன் பயிலத் தொடங்கினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1967இல், குறுந்தொகைப் பாடல்கள் 76 அவரது ஆங்கில மொழிபெயர்ப்பில் நூலாக வெளிவந்தன. செம்மண்ணில் மழைநீர் கலப்பதைக் காதலர் நெஞ்சம் கலப்பதற்கு உவமையாகக் கூறும் பாடலும் அவற்றுள் ஒன்று. பின்னாளில் இலண்டன் சுரங்க ரயில்களில் பயணியர் படிக்கும் வண்ணம் அம்மொழிபெயர்ப்பு வைக்கப்பட்டது.

மூன்று மொழிகளின் பயன்

தெருவில் பழகிய கன்னடத்தையும் அவர் மறக்கவில்லை. பசவண்ணர், அக்கமகாதேவி முதலியோரின் வசனங்களை மொழிபெயர்த்து 1973இல் வெளியிட்டார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதைகள் இயற்றினார். நம்மாழ்வார் பாசுரங்களை ஆங்கிலத்தில் தந்தார். இந்திய அரசு 1976இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1993ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார்.

வீட்டில் பேசும் மொழி நமக்குத் தெரிந்த மொழிதான். எனினும், அதனைப் படிக்கவும் எழுதவும் கற்றால்தான் அதன் செல்வம் முழுதும் நம் கைக்கு வரும். இராமானுஜன் அதனை முப்பது வயதைக் கடந்த பின் தேடிக் கற்றார். நீங்களோ இப்பொழுதே கற்கத் தொடங்கிவிட்டீர்கள்.

சொற்பொருள்

அடுக்களை – சமையலறை
உரை – பாடலின் பொருளை விளக்கும் பகுதி
வசனம் – கன்னடச் சிவனடியார்கள் பாடிய பாடல் வகை
பாசுரம் – ஆழ்வார்கள் பாடிய பாடல்

பயிற்சி

1. இராமானுஜனின் வீட்டில் எவ்விடத்தில் எம்மொழி பேசப்பட்டது?
2. தமிழ் பேசத் தெரிந்த இராமானுஜன் இலக்கண நூலைத் தேடியது ஏன்?
3. 'யாய்', 'ஞாய்' ஆகிய சொற்களின் பொருள் யாது?
4. நீங்கள் எவ்விடத்தில், யாரிடம், எம்மொழியில் பேசுகிறீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.