யார் இந்த எஸ்.ஏ.ரஹீம்? இந்திய கால்பந்தின் முன்களத்தை இரண்டு முறை புதிதாகக் கட்டிய ஹைதராபாத் வாத்தியார்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பெல்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு கொரிய முகங்கள் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், இவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் சின்னதும் பெரிதுமான கம்பெனிகள், கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஹோட்டல்கள். உலகக் கோப்பை சீசன் வந்தால் கேன்டீனில் தென் கொரியா மேட்ச் ஓடும், நம்மாட்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 1986-ல் இருந்து ஒரு உலகக் கோப்பையைக்கூட அவர்கள் தவறவிட்டதில்லை. நாம் ஒன்றில்கூட ஆடியதில்லை.

ஆனால், ஹூண்டாய் மோட்டார் என்ற கம்பெனி தொடங்கப்படுவதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பு, 1962-ல், அதே தென் கொரியாவை ஆசிய விளையாட்டுப் போட்டி ஃபைனலில் தோற்கடித்து தங்கம் வாங்கியது இந்திய கால்பந்து அணி. அந்த அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். அப்போது அவர் புற்றுநோயுடன் இருந்தார். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

2024-ல் அஜய் தேவ்கன் நடிப்பில் வந்த 'மைதான்' படத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கலாம். படம் ஃபைனலின் பரபரப்பை நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால், அதைவிட சுவாரஸ்யமான விஷயம் வேறு: கோல் அடிக்கிற ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோகும்போது ஒரு முன்களத்தை எப்படித் திரும்பவும் உருவாக்குவது? இந்தக் கேள்வியை ரஹீம் 10 வருடங்களில் இரண்டு முறை சந்தித்தார்.

வாத்தியார் கோச் ஆன கதை

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கேயே கால்பந்து ஆடினார். பிறகு பள்ளி ஆசிரியர் வேலை. உடற்கல்வியில் தனியாகத் தகுதி பெற்றார். 1940-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். கடைசி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஊரில் எல்லோருக்கும் அவர் 'ரஹீம் சாப்'. அந்த மரியாதைக்குக் காரணம் பதவி இல்லை, அவர் நடத்திய விநோதமான போட்டிகள். ஒரு டோர்னமென்ட்டில் டிரிப்ளிங் கிடையாது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நாலு பேரைச் சுற்றிக் காட்டுகிற வேலையே கூடாது, வாங்கினால் உடனே தட்டிவிட வேண்டும். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டும்தான் ஆட வேண்டும். வலது கால்காரர் இடது காலால், இடது கால்காரர் வலது காலால்.

கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால், அன்றைய இந்தியக் கால்பந்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். அப்போது ரசிகர்கள் கைதட்டியதே டிரிப்ளிங்குக்குத்தான். வெறுங்காலில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு ஓடுபவரே ஹீரோ. பந்து ஒருவரிடமே நின்றால் ஓரத்தில் ஓடுகிற விங்கர் சும்மா ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ரஹீம் அந்தப் பழக்கத்தைப் பள்ளிப் பையன்கள் வயதிலேயே வெட்டினார். பின்னாளில் ஹைதராபாத்தில் இருந்து கூட்டம் கூட்டமாக இந்திய அணிக்கு ஆட்கள் போனதற்கு விதை இங்கே இருக்கிறது.

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு தொடங்கி வரிசையாக 5 முறை ரோவர்ஸ் கோப்பை அவர்களுடையது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள்தான் இந்தியக் கால்பந்து என்று நினைத்திருந்த காலத்தில், ஒரு டிபார்ட்மென்ட் டீம் இதைச் செய்தது. அப்போதெல்லாம் இந்தியாவில் நல்ல டீம்கள் பலவும் இப்படித்தான் இருந்தன. போலீஸ், ரயில்வே, ராணுவம் என்று ஒரு வேலை, மாதச் சம்பளம், சாயந்திரம் கிரவுண்ட்.

10-1: எல்லாம் உடைந்த நாள்

ரஹீம் இந்திய அணியின் பயிற்சியாளரானதும் 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. ஃபைனலில் ஈரானை 1-0 என வென்றது இந்தியா, கோல் அடித்தவர் மேவாலால்.

அடுத்த ஆண்டே சறுக்கல். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 தோல்வி. இந்திய வீரர்கள் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடியவர்கள். குளிரும் ஈரமுமான ஐரோப்பிய மைதானத்தில் அது சுத்தமாக எடுபடவில்லை. இதற்குப் பிறகே அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

பூட்ஸ் மாட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்றால், இல்லை. வெறுங்காலில் பந்தைத் தொட்டு வளர்ந்தவருக்கு பூட்ஸோடு பந்தின் உணர்வே மாறிவிடும். பழைய திறமையில் பாதி அங்கேயே போய்விடும். எனவே ரஹீம் திறமைசாலிகளைத் தேடுவதைக் காட்டிலும், மாறக்கூடிய வயதில் இருப்பவர்களைத் தேடினார். லைனில் புது மெஷின் வந்தால் பழைய ஆபரேட்டரை மாற்றப் பழக்குவதா, புதியவரை எடுப்பதா என்று ஒரு சூப்பர்வைசர் மண்டையைப் பிய்த்துக்கொள்வாரே, அந்தக் குழப்பம்தான்.

முதல் கட்டுமானம்: மெல்போர்ன் 1956

அப்படிக் கிடைத்தவர்களில் ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், ஏழைக் குடும்பம். பையனிடம் விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்ட ரஹீம், அவர் ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்துபோக சைக்கிளுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார் என்பது அந்த ஊர் கால்பந்து வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. இரண்டே வருடத்தில் அந்தப் பையன் ஒலிம்பிக்கில் நின்றார், 20 வயதில்.

வலது ஓரத்துக்கு பி.கே.பானர்ஜி, அவருக்கும் 20 வயதுதான். நடுவில் பம்பாயின் நெவில் டிசோஸா. கூடவே கேப்டன் சமர் பானர்ஜி, கிட்டு என்கிற கிருஷ்ணசாமி. அன்று 5 பேர் முன்னால் நிற்கிற முறை. ரஹீம் அதில் ஒருவரைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, எதிரணி டிஃபென்டரைக் குழப்பி, ஓரத்தில் ஓடுபவர்களுக்கு இடம் உண்டாக்குவதில் அக்கறை காட்டினார். ஹங்கேரி இந்த வித்தையால் ஐரோப்பாவையே கலக்கிய காலம் அது.

முதல் ஆட்டத்தில் ஹங்கேரி விலகிவிட்டதால் இந்தியா நேராக காலிறுதிக்குப் போனது. எதிரணி போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியா. 4-2 என வென்றது இந்தியா. டிசோஸா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி இதுதான்.

அரையிறுதியில் வந்தது அதே யூகோஸ்லாவியா! டிசோஸா கோல் அடித்து இந்தியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். 10-1 வாங்கி 4 வருடம்தான் ஆகியிருந்தது. கடைசியில் 4-1 என்று தோற்றோம், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் 3-0 தோல்வி. நான்காவது இடம். இந்திய ஆண்கள் கால்பந்து ஒலிம்பிக்கில் தொட்ட உச்சம் இன்றுவரை அதுதான்.

ஆட்கள் போனார்கள், அணி நின்றது

இங்கிருந்துதான் கஷ்டமான பகுதி. நான்கு வருடம் கழித்து 1960 ரோம் ஒலிம்பிக் அணிப் பட்டியலில் டிசோஸா இல்லை, சமர் பானர்ஜி இல்லை, கிட்டு இல்லை. ஒலிம்பிக்கில் 4 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர்கள் வரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர் டிசோஸா. அப்படி ஒருவர் போனால் அவரைப் போலவே இன்னொருவரைத் தேடத்தான் பெரும்பாலான பயிற்சியாளர்களுக்குத் தோன்றும்.

ரஹீம் இன்னொரு டிசோஸாவைத் தேடவில்லை. மிச்சம் இருந்த பி.கே., பலராம் இருவரையும் அச்சாக வைத்துக்கொண்டு, வங்கத்தில் இருந்து வந்த சுனி கோஸ்வாமியை உள்ளே சேர்த்தார். பி.கே. வேகமும் வலுவான ஷாட்டும் கொண்டவர். சுனி நளினமான டிரிப்ளர். பலராம் இடது ஓரத்திலும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார், கொடுக்கவும் தெரியும் அடிக்கவும் தெரியும். ஒருவர் செய்வதை மற்றவர் செய்யாத மூவர். ஒருவரைத் தடுக்க இரண்டு பேர் போனால் மற்ற இருவரில் யாராவது ஃப்ரீ. இவர்களோடு முன்களம், நடுக்களம் இரண்டிலும் ஆடக்கூடிய யூசுப் கான், நம்மூர் சைமன் சுந்தர்ராஜ் போன்றவர்கள்.

ரோமில் குரூப்பே பயங்கரமானது: ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றது இந்தியா. பிரான்ஸுடன் 1-1 டிரா, கோல் பி.கே.பானர்ஜி. (ஒரகடம் ரெனோ – நிசான் ஆலைக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்: பிரான்ஸுடன் டிரா, ஜப்பானுக்குக் கீழே வருகிறோம்.) பெருவிடம் 3-1 தோல்வி, முதல் சுற்றோடு வெளியேற்றம்.

அந்த ரோம் அணியில் ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். ஒரு மேட்ச்சில்கூட அவர் களமிறங்கவில்லை. 1962 அணியில் இடமே கிடைக்கவில்லை. ஹக்கீம் பின்னாளில் சர்வதேச நடுவராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, 2021-ல் காலமானார்.

ஜகார்த்தா: தலையில் தையலோடு ஒரு ஸ்ட்ரைக்கர்

1962 ஆசிய விளையாட்டுக்குக் கிளம்பும்போது ரஹீமுக்கு உடம்பு சரியில்லை. நுரையீரல் புற்றுநோய். தொடர்ந்து புகைபிடித்தவர்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று அடி. 1956, 1960 இரண்டு முறையும் ஆசியக் கோப்பை வென்ற அணி அது, லேசுப்பட்டதில்லை. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று இந்தியா அரையிறுதிக்குள் வந்தது. ஆனால், தாய்லாந்து ஆட்டத்தில் டிஃபென்ஸின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி, தையல் போட வேண்டியதாயிற்று. நம்பர் ஒன் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல்.

மைதானத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்தியாவின் ஜி.டி.சோந்தி வெளிப்படையாக எதிர்த்தார். விளைவு, ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு எதிராகப் போராட்டம், தூதரகத்தின் மீது தாக்குதல். இந்தியா களமிறங்கினாலே கேலரி கூச்சலிட்டது.

தலையில் கட்டுப்போட்ட ஒரு டிஃபென்டரை என்ன செய்வது? பெஞ்சில் உட்காரவைக்கலாம். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக அனுப்பினார்! ஜர்னைல் இளம் வயதில் முன்னால் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். பின்களத்தை அருண் கோஷ் உள்ளிட்டோர் பார்த்துக்கொண்டனர். பாதுகாக்க வேண்டிய ஆளை டிஃபென்ஸில் வைத்தால் எதிரணி அவர் பக்கமே பந்தைத் தூக்கிப் போடும். முன்னால் வைத்தால் எதிரணி அவரைப் பார்த்துப் பயப்படும். உயரமும் உடம்பும் உள்ள அவரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, சுனிக்கும் பி.கே.வுக்கும் இடம் கிடைக்கும். ஒரு ஆளின் காயத்தை வைத்து முன்களம் முழுவதையும் திருப்பிப் போட்ட முடிவு அது. ரஹீமின் வாழ்க்கையில் இதைவிடத் துணிச்சலான முடிவு வேறு இல்லை.

தெற்கு வியட்நாமுடன் அரையிறுதி, 3-2 வெற்றி. சுனி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

செப்டம்பர் 4, ஃபைனல். சுமார் ஒரு லட்சம் பேர் கொண்ட அரங்கம், பெரும்பாலானோர் இந்தியாவுக்கு எதிர். ஆதரவுக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் உண்டு. கோலுக்கு தங்கராஜை ரஹீம் திரும்பக் கொண்டுவந்தார். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்காக ஆடி உருவான கோல்கீப்பர் அவர், தொடக்கத்தில் அவரும் ஃபார்வர்டுதான்.

17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல். 20-வது நிமிடத்தில் ஜர்னைல் கோல். மூன்றே நிமிடம். தென் கொரியா ஆட்டம் முடியும் தறுவாயில்தான் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. 2-1.

அந்த அணியில் அருமைநாயகம், எதிராஜ், சந்திரசேகர், தங்கராஜ், பலராம் என்று வரிசையாகப் பெயர்களைப் படித்தாலே தென்னிந்தியா எவ்வளவு இருந்தது என்று தெரியும்.

அதற்கப்புறம்?

1963 ஜூன் 11-ல் ரஹீம் இறந்தார். வயது 53. அதே ஆண்டில் காசநோய் காரணமாக பலராமும் ஆட்டத்தை விட்டார், அவருக்கு 27 வயதுகூட முழுதாக ஆகவில்லை. சுனிக்கும் பி.கே.வுக்கும் பிற்காலத்தில் பத்மஸ்ரீ கிடைத்தது. ரஹீமுக்கு பத்ம விருது எதுவும் தரப்படவில்லை.

1960-க்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஒரு வெண்கலம் வந்தது. அந்த அணியின் கேப்டன் ஹைதராபாத்தின் சையத் நயீமுதீன், பயிற்சியாளர்களில் ஒருவர் பி.கே.பானர்ஜி. ஆசிய விளையாட்டு கால்பந்தில் அதன் பிறகு இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை.