ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பொறுப்புகளைப் பிரித்த விதம்

இரண்டாம் கலீஃபா ஹழ்ரத் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்களின் வீரத்தையும் நீதியையும், இரவில் மதீனாவின் தெருக்களைச் சுற்றி வந்ததையும் நம் வீட்டுப் பிள்ளைகள்கூட அறிவார்கள். ஒரு காரியத்திற்குப் பலரை அமர்த்தும்போது, எவருக்கு எதில் அதிகாரம் என்று அன்னவர்கள் வரம்பு கட்டிக் கொடுத்த விதத்தை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

அன்னவர்கள் கலீஃபாவானது ஹிஜ்ரீ 13ல் (கி.பி. 634). இந்தப் பழக்கமோ அதற்கு முந்தியது. ஹழ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் பதவியேற்றபோது, பொருளின் பொறுப்பை அபூஉபைதா (ரலி) அவர்களும், வழக்குகளின் பொறுப்பை உமர் (ரலி) அவர்களும் ஏற்றார்கள். அந்த ஓராண்டில் வழக்கென்று இருவர் சேர்ந்து அவர்களிடம் வந்ததில்லை என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

பின்னர் இராக் முஸ்லிம்கள் வசமாகி, கூஃபா நகரம் எழும்பியது. பல கோத்திரத்தார் கூடிய ஊர். புகாருக்கும் பூசலுக்கும் குறைவில்லை. அங்கே உமர் (ரலி) அவர்கள் மூவரை அனுப்பினார்கள். தொழுகை நடத்துவதும் படையை நடத்துவதும் அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்களுடைய வேலை. நீதி வழங்குவதும் பைத்துல்மாலும் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுடையது. நிலம் அளப்பது உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களுடையது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தமது கிதாபுல் கராஜில் இதைச் சொல்லிவிட்டு, இன்னொரு சிறு விவரத்தையும் தருகிறார்கள். மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஓர் ஆடு. அதில் பாதி அம்மாருக்கு, கால் பங்கு இப்னு மஸ்ஊதுக்கு, மற்றொரு கால் உஸ்மானுக்கு. சாப்பாட்டுப் பங்கைக்கூட மதீனாவிலேயே தீர்த்து அனுப்பிவிட்டார்கள்! அங்கே போய் அவர்களே பேசிக் கொள்ளட்டும் என்று விடவில்லை.

இராக்கின் அந்த நிலங்களை என்ன செய்வது என்பதில் முன்பே பெரும் கருத்து வேற்றுமை எழுந்திருந்தது. போரிட்டவர்களுக்கே பங்கிட வேண்டும் என்று பெரிய ஸஹாபாக்கள் சிலர் வாதாடினார்கள். பங்கிட்டு முடித்தால் பின்னால் வரும் தலைமுறைக்கு என்ன மிஞ்சும், எல்லைகளைக் காக்கும் படைக்கு எங்கிருந்து கொடுப்பது என்பது கலீஃபாவின் கேள்வி. அன்ஸாரிகளில் அவ்ஸ் கூட்டத்தார் ஐவர், கஸ்ரஜ் கூட்டத்தார் ஐவர் எனப் பத்துப் பேரை அழைத்து, தாமும் அவர்களில் ஒருவரே என்று கூறி, மனதில் பட்டதைப் பேசச் சொன்னார்கள். கலீஃபாவின் விருப்பத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை என்றும் தெளிவாக்கினார்கள். முடிவில் நிலம் உழுபவர்களிடமே விடப்பட்டு, அதன்மீது கராஜ் விதிக்கப்பட்டது. பேச எல்லோருக்கும் உரிமை இருந்தது. முடிவு வந்தபின் அளவுகோல் உஸ்மான் இப்னு ஹுனைஃபின் கையில் இருந்தது.

ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய செய்தி புகாரி ஷரீஃபில் விரிவாக வருகிறது. கலீஃபா அவர்கள் ஸர்ஃ என்னும் இடத்தை அடைந்தபோது, படைத்தலைவர்கள் எதிர்வந்து நோயைப் பற்றிச் சொன்னார்கள். முதலில் முஹாஜிர்களை அழைத்து யோசனை கேட்டார்கள். அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அங்கும் அப்படியே. மக்கா வெற்றிக் காலத்து முஹாஜிர்களான குறைஷிப் பெரியவர்களை அழைத்தபோது, அவர்கள் ஒருவாயாகத் திரும்பிவிடச் சொன்னார்கள். விடிந்தால் பயணம் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஷாமின் தலைவரான அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு இது மனமொப்பவில்லை. அல்லாஹ்வின் களாவிலிருந்து ஓடுவதா என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்பது பதிலாயிற்று. வேறு யாராவது இப்படிக் கேட்டிருக்கக் கூடாதா என்ற வருத்தமும் அதில் இருந்தது. அபூஉபைதாவோடு மாறுபடுவது அவர்களுக்கு அவ்வளவு கஷ்டம். ஆயினும் முடிவு மாறவில்லை. பிறகுதான் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோயுள்ள ஊருக்குள் செல்லவும் நோய் வந்த ஊரிலிருந்து ஓடவும் வேண்டாமென்ற நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையைத் தெரிவித்தார்கள். கலீஃபா அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். அபூஉபைதா (ரலி) அவர்கள் தம் படையோடு ஷாமிலேயே தங்கி, அதே நோயில் ஹிஜ்ரீ 18ல் (கி.பி. 639) வஃபாத்தானார்கள்.

இதை எழுதும்போது நமக்கு ஒரு நினைவு வருகிறது. ஒரு மதரஸாவின் கூரை ஒழுகுவதைப் பற்றிய கூட்டத்தில் நாமும் இருந்தோம். பதினொரு பேர் வந்திருந்தார்கள், அருமையான யோசனைகள், தேநீர், துஆ. கொத்தனாரிடம் யார் சொல்வது என்பது மட்டும் பேசப்படவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டோம். ஐப்பசி மழையில் பிள்ளைகளின் கிதாபுகள் நனைந்தன. அந்தப் பதினொருவரில் நாமும் ஒருவர்தாம்.

ஹிஜ்ரீ 23ல் (கி.பி. 644) ஃபஜ்ர் தொழுகையில் கத்தியால் குத்தப்பட்டு, குடித்த பால் காயத்தின் வழியே வெளிவந்த நிலையிலும் அன்னவர்களின் இந்தப் பழக்கம் போகவில்லை. அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க உஸ்மான், அலீ, தல்ஹா, ஸுபைர், ஸஃது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலியல்லாஹு அன்ஹும்) ஆகிய அறுவரைக் குறிப்பிட்டார்கள். தம் மகன் அப்துல்லாஹ் கூட்டத்தில் உட்காரலாம், ஆட்சியில் அவருக்குப் பங்கில்லை என்றார்கள். தேர்வு முடியும்வரை மக்களுக்குத் தொழவைப்பது ஸுஹைப் (ரலி) அவர்களின் பொறுப்பு. அன்ஸாரிகளில் ஐம்பது பேருடன் காவல் நிற்பது அபூதல்ஹா (ரலி) அவர்களின் பொறுப்பு. கெடு மூன்று நாள். அறுவர் மூன்று மூன்றாகப் பிரிந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லி வைத்தார்கள் என்று சரித்திர நூல்களில் காண்கிறோம். அறுவரில் ஒருவரை இமாமாக நிறுத்தியிருந்தால், அவரே கலீஃபா என்று மக்கள் எண்ணியிருப்பார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அடக்கம் முடிந்ததும் அவர்கள் கூடினார்கள். ஸுபைர் தம் உரிமையை அலீயிடமும், தல்ஹா உஸ்மானிடமும், ஸஃது அப்துர் ரஹ்மானிடமும் ஒப்படைத்தார்கள். மிஞ்சிய மூவரில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் தமக்குப் பதவி வேண்டாமென விலகி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மற்ற இருவரின் சம்மதத்தோடு பெற்றார்கள். பிறகு தூக்கமின்றி மக்களைக் கலந்தார்கள். கடைசி இரவில் அலீயையும் உஸ்மானையும் தனித்தனியே அழைத்துப் பேசி முடிக்கும்போது பாங்கு ஒலித்தது. ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் மிம்பரருகே அறுவரும் கூடியிருக்க, அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் உஸ்மான் (ரலி) அவர்களுக்கு பைஅத் செய்தார்கள், மக்களும் செய்தார்கள்.