'பெயில்' ஆன குமாஸ்தா கண்டுபிடித்த ராட்சத எண்!
13 இலக்கம், வகுக்கும் எண்கள் 10,080

உடுமலைப்பேட்டை கடைவீதி ஆனாலும், திருப்பூர் பனியன் கடை ஆனாலும் டஜன் கணக்கு எல்லோருக்கும் தெரியும். டஜன் என்றால் 12. 2 பேர், 3 பேர், 4 பேர், 6 பேர்... யார் வந்தாலும் மீதி இல்லாமல் பங்கு போடலாம். 12-க்கு கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை வகுக்கும் எண்கள் கிடையாது.

இந்த மாதிரி எண்களை தேடிப்பிடித்து பட்டியல் போட்டவர், கணித மேதை ராமானுஜம்.

ஜவுளிக்கடை குமாஸ்தா மகன்

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் தாய்வழி பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் அங்கே ஜவுளிக்கடை குமாஸ்தா.

கணக்கில் புலி. மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். கும்பகோணம் கல்லூரியில் உதவிப்பணம் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. காகிதம் வாங்க காசு இல்லாமல் சிலேட்டில் கணக்கு போட்டார்.

1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. சம்பளம் மாதம் 30 ரூபாய். 1913-ல் இங்கிலாந்து பேராசிரியர் ஹார்டிக்கு கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார்.

எப்படி கண்டுபிடித்தார்?

1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் அவருடைய பட்டியல் வெளியாயிற்று. அதில் கடைசி எண் 6,746,328,388,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

அதற்கு கீழே உள்ள எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க ஆயுசு போதாது. ராமானுஜம் எண்களின் அமைப்பை பிடித்தார். 2, 3, 5, 7 என்று பகா எண்கள் இடைவெளி இல்லாமல் வரவேண்டும். சின்ன எண் அதிக தடவை, பெரிய எண் குறைந்த தடவை.

இந்த எண்ணில் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் இரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. எல்லாவற்றையும் பெருக்கினால் எண் வந்துவிடும். தடவைகளோடு ஒன்று கூட்டி 7, 5, 3, 3, பிறகு ஐந்து 2 என்று பெருக்கினால் 10,080. வகுக்கும் எண்கள் அத்தனை!

பாதியில் நின்றது

அப்போது சங்கத்துக்கு பண முடை. அச்சுச் செலவை குறைக்க கட்டுரையின் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது.

ஆனாலும் 1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இதற்காகவே பட்டம் கொடுத்தது. இங்கே தேறாதவர் அங்கே பட்டதாரி ஆனார். 1919-ல் நோயோடு ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

நிறுத்தப்பட்ட பகுதி 1997-ல்தான் முறையாக அச்சேறியது; 82 வருஷம் கழித்து!

பட்டியலில் ஒரே ஒரு எண் விட்டுப்போனதும் பின்னால் தெரிந்தது. அது 293,318,625,600. அதை 23-ஆல் பெருக்கினால் ராமானுஜத்தின் கடைசி எண் வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது.