ஏ5 வீதியின் மறுமுனையில் ஒரு காளான் மனிதர்

எங்கள் கரடியனாற்றைக் கடந்து செங்கலடியில் முடியும் ஏ5 வீதி, பேராதனையில் தொடங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்தபடி இந்தத் தீவின் காளான்களை எழுதிவைத்தவர் தோமஸ் பெச்.

1870இல் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் பிறந்த பெச், ஆசிரியராக வேலை பார்த்தவர். 1905இல் அரச பங்கசு ஆய்வாளராகப் பேராதனைப் பூங்காவுக்கு வந்தார். 1869இல் இலங்கையில் தென்பட்ட துருநோய் கோப்பித் தோட்டங்களை ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. தேயிலையையும் றப்பரையும் காப்பதே அவருக்கான வேலை. றப்பர் நோய்கள் பற்றி 1911இலும் 1921இலும், தேயிலை நோய்கள் பற்றி 1923இலும் நூல்கள் எழுதினார்.

காசு தராத காளான்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1906இல் கறையான் புற்றுகளின் பங்கசுகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1908இல் இலங்கையின் நாற்றக் காளான்களைத் தனியே தொகுத்தார்.

இந்த நாற்றக் காளான் ஈரமண்ணில் முட்டைபோலக் கிடக்கும். முட்டை வெடித்துச் சில மணி நேரத்தில் தண்டு எழும்பும். ஒரு வகைக்கு வெள்ளை வலை பாவாடைபோல விரியும். தலையிலுள்ள களியில் வித்திகள் இருக்கும். அழுகிய இறைச்சியின் நாற்றத்துக்கு வரும் ஈக்கள் அவற்றைச் சுமந்து பரப்பும். சென்ற மாரியில் வாய்க்காலோர மூங்கில் பற்றைக்குள் நான் ஒன்றைக் கண்டேன். அந்த நாற்றம் வந்ததும் என்னோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யுத்தத்தைக் கடந்த எங்களுக்குக் காட்டுக்குள் அப்படி மணந்தால் முதலில் நினைவுக்கு வருவது காளான் அல்ல. வெள்ளை வலையைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

பெச்சுக்கு முன்னர், துவெயிற்ஸ் பேராதனையிலிருந்து அனுப்பிய காய்ந்த மாதிரிகளை வைத்தே இங்கிலாந்தில் பேர்க்லியும் புறூமும் எங்கள் காளான்களுக்குப் பெயரிட்டார்கள். காய்ந்தால் வலையும் நிறமும் மணமும் போய்விடும். உயிரோடு பார்க்கக்கூடிய இடத்தில் இருந்ததால், பெச் அந்தப் பழைய விபரங்களை 1907 முதல் ஒவ்வொன்றாகத் திருத்தினார்.

1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளர் அவரே. 1928இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார், 1948இல் காலமானார். பிஸ்பியுடன் சேர்ந்து எழுதிய இலங்கைப் பங்கசுகளின் பெருந்தொகுப்பு 1950இல்தான் வெளிவந்தது.

அவர் செய்த வேலை படுவான்கரைக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. 2007 இடம்பெயர்வில் முகாமுக்குப் போன பிள்ளைகள் காட்டைப் பழகவில்லை. திரும்பி வந்தபோது கண்ணிவெடிப் பயம் காட்டை மூடிவைத்தது. எந்த மழைக்குப் பிறகு எந்தப் புற்றில் காளான் பூக்கும், எதைக் கறிக்கு எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த அப்பாக்களும் அம்மம்மாக்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருப்பவர்களிடம் கேட்டு எழுத ஒரு கொப்பியும் பேனையும் போதும். இந்த மாரிக்கே தொடங்கலாம்.