மைத்தடம் கண்ட மருத்துவர்

சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் 1884ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஹெர்மன் ரோர்ஷாக் பிறந்தார். வளர்ந்தது சாஃப்ஹவுசன் நகரில். தந்தையார் ஓவிய ஆசிரியர். தாளில் மைத்துளி இட்டு, மடித்து அழுத்திப் பிரித்து, தோன்றும் உருவத்துக்குப் பெயர் சொல்லும் விளையாட்டு அக்காலத்தில் பரவியிருந்தது. பள்ளித் தோழர்கள் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயரும் மைத்தடம் என்னும் பொருளுடையதே.

பன்னிரண்டு வயதில் தாயையும் பதினெட்டு வயதில் தந்தையையும் இழந்த அவர், ஓவியமா அறிவியலா எனத் தயங்கி, முடிவில் மருத்துவம் பயின்றார். உளநோய் மருத்துவரான பின்னும் தூரிகையைக் கைவிடவில்லை. நோயாளிகளுக்காக நிழற்பாவைக் கூத்து நடத்தினார். அவர்களை மகிழ்விக்கக் குரங்கு ஒன்றையும் சிலகாலம் வளர்த்தார்.

ஹெரிசாவ் உளநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது பழைய விளையாட்டு ஆய்வாக மாறியது. தாமே வரைந்து செம்மைப்படுத்திய மைத்தடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அது என்னவாக இருக்கலாம் என்று வினவினார். வௌவால் என்றனர் சிலர். நடனமாடும் மனிதர் என்றனர் சிலர். என்ன கண்டனர் என்பதைவிட எவ்வாறு கண்டனர் என்பதே அவருக்கு முதன்மையாயிற்று. தடத்தை முழுமையாகப் பார்த்தனரா, பகுதியாகவா? விடையைத் தந்தது வடிவமா, வண்ணமா, அசைவா? ஒவ்வொரு விடையையும் இவ்வாறு வகைப்படுத்தி எண்ணினார். கற்பனையை அளப்பதன்று, காணும் முறையை ஆராய்வதே தம் நோக்கம் என அவர் கருதினார்.

ஆய்வுக்கு உட்பட்டோர் 405 பேர். அவர்களுள் 188 பேர் மனச்சிதைவு நோயாளிகள். 117 பேர் நோயற்றவர்கள். எண்ணிக்கைகளை ஒப்பிட்டபோது வேறுபாடுகள் புலப்பட்டன. ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தோர் வடிவங்களைத் துல்லியமாகக் கண்டனர். அசைவும் வண்ணமும் அவர்கள் விடைகளில் மறைந்தன. மனச்சிதைவு நோயாளிகளின் விடைகளிலோ தெளிந்த வடிவமும் சிதைந்த வடிவமும் அடுத்தடுத்து வந்தன. ஆயினும் இவை தொடக்கநிலை முடிவுகளே என்பதையும் மேலும் பலரை ஆராய வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தம் கண்டுபிடிப்பின் எல்லையைத் தாமே வரைந்துகாட்டிய இந்நேர்மை, பின்னாளில் அச்சோதனையைக் கையாண்ட எல்லாரிடமும் இருந்ததாகச் சொல்ல இயலாது.

நூலை அச்சேற்றுவது ஆய்வைவிடக் கடினமாயிற்று. பதிப்பாளர்கள் படங்களைக் குறைக்கச் சொன்னார்கள். பத்துத் தடங்களே எஞ்சின. அவையும் அளவில் சுருங்கின. ஒரே சீராக இருக்க வேண்டிய கருமையில் அச்சின் பிழையால் இருளும் ஒளியுமாக நிழல்கள் படிந்தன. அவரோ மனம் தளராமல், அந்நிழல்களும் புதிய விடைகளைத் தூண்டும் எனக் கண்டார்.

1921இல் வெளிவந்த உளக்கண்டறிவியல் என்னும் அந்நூலைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை, படிகள் விற்கவில்லை. மறு ஆண்டு வசந்தத்தில் ரோர்ஷாக் வயிற்றுவலியால் துன்புற்றார். குடல்வால் வெடித்த நிலையில் காலந்தாழ்ந்தே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1922 ஏப்ரல் 2ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 37. குழந்தைகள் இருவரும் மிகச் சிறியர்.

தொடர்ந்து எண்ணும் பணியைப் பிறர் ஏற்றனர். அமெரிக்காவில் ஐந்து வெவ்வேறு மதிப்பீட்டு முறைகள் தோன்றி ஒன்றோடொன்று முரண்பட்டன. 1974இல் ஜான் எக்ஸ்னர் அவற்றை ஒப்பிட்டு ஒரே முறையாகத் தொகுத்தார். சோதனையின் நம்பகத்தன்மை குறித்த வாதங்கள் இன்றும் ஓயவில்லை. அச்சுநிழல் படிந்த அதே பத்துத் தடங்கள், அவர் அமைத்த அதே வரிசையில், இன்றும் காட்டப்படுகின்றன.