கைகொடுத்த மருத்துவர் பால் பிராண்டு

ஆண்டவருக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்பது கிறித்தவ மக்கள் செபவேளைதோறும் கேட்கும் சொல். அவ்வாறு ஒப்புக்கொடுத்த மனிதன் மறுநாள் காலையில் என்ன செய்தான் என்பதைக் கொண்டே அச்சொல்லின் எடையை நாம் அறிய இயலும். நம் செங்கற்பட்டு மண்ணில் தம் வாழ்வின் திசையைக் கண்டுகொண்ட டாக்டர் பால் பிராண்டு அவர்களின் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரில் எழுதப் புகுந்தமைக்கு இதுவே காரணம்.

அவர் 1914-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17-ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். தந்தையார் ஜெசி பிராண்டும் தாயார் ஈவ்லினும் ஆங்கில நாட்டிலிருந்து வந்த சமயத் தொண்டர்கள். மலைமக்களுக்கு மருந்து கொடுப்பதும், பள்ளி நடத்துவதும், வீடு கட்டக் கற்பிப்பதும் தந்தையாரின் பணிகளாயின. ஒருநாள் தொழுநோயர் மூவர் அவ்வீட்டை நாடி வந்தனர். எந்நோயாளியையும் தயங்காது தொட்டுப் பழகிய தந்தையார் அன்று கையுறை அணிந்தே மருந்திட்டார். பிள்ளைகளை அருகில் வரவிடவில்லை. அக்காட்சி சிறுவன் பாலின் நெஞ்சில் அச்சமாகத் தங்கிவிட்டது. சீழும் புண்ணும் கண்டு வளர்ந்த அவர், மருத்துவத் தொழிலையே வெறுத்தார்.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தையார் கொல்லிமலையிலேயே காய்ச்சலால் மாண்டார். இறப்புச் செய்தி தந்தியில் வந்த பின்னர், தந்தையார் முன்னமே எழுதியிருந்த மடல் கப்பல் வழியாக மகனுக்கு வந்து சேர்ந்தது. தந்தையின் வழியிலேயே தொண்டாற்ற விழைந்த பால், மருத்துவத்தை விடுத்துத் தச்சும் கொத்தும் கற்றார். மலைநாட்டுக்குச் செல்வோர்க்கு எளிய மருத்துவம் கற்பிக்கும் பயிற்சியில் சேர்ந்தபோது, சாகுந்தறுவாயிலிருந்த பெண்ணொருத்தி பிறர் தந்த குருதியால் உயிர் மீளக் கண்டார். பழைய வெறுப்பு அகன்றது. இலண்டனில் மருத்துவம் பயின்று, போர்க்காலக் குண்டுவீச்சில் காயமுற்றோர்க்கு அறுவை செய்து தேர்ந்தார். உடன் பயின்ற மார்கரெட் அம்மையாரை 1943-இல் மணந்தார்.

இவரை மீண்டும் தமிழகத்துக்கு அழைத்தவர் டாக்டர் இராபர்ட் காக்ரேன். செங்கற்பட்டை அடுத்த திருமணியில், 1920-களில் அமைந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் அரும்பணி ஆற்றியவர் அவர். சல்போன் மருந்தால் இந்நோயைக் குணப்படுத்தலாம் என்பதை இந்தியாவில் முதலில் காட்டியவர்களுள் ஒருவர். அவர் வற்புறுத்தியதனால் பிராண்டு 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

1947-இல் காக்ரேனைக் காணச் செங்கற்பட்டுக்கு வந்த பிராண்டு, நோயாளிகளின் விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிக் கிடக்கக் கண்டார். எலும்பு மருத்துவர்கள் இவற்றைச் சீர்செய்ய ஏன் முயலவில்லை என்று வினவினார். இம்மக்களை எந்த அறுவை மருத்துவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்பதே காக்ரேன் தந்த விடை. அப்போது பிராண்டு ஓர் இளைஞனின் மடங்கிய கையைப் பற்றித் தம் கையை இறுகப் பிடிக்குமாறு கேட்டார். அவன் பிடித்த பிடியில் அவர் வலியால் துடித்தார். அவ்வலி அவருக்கு மகிழ்ச்சியே தந்தது. செத்துவிட்டதாகக் கருதப்பட்ட அக்கையில் வலிமைமிக்க தசைகள் இன்னும் உயிரோடிருந்தன!

தோலுக்கு அண்மையில் செல்லும் நரம்புகளே இந்நோயால் கெடுகின்றன. ஆழத்தில் அமைந்த நரம்புகளால் இயங்கும் முன்கைத் தசைகள் நன்னிலையில் உள்ளன என்பது பிற்பாடு ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. ஆகவே, நன்றாக இயங்கும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல்கள் மீண்டும் நிமிரும் என்று துணிந்தார். 1948 முதல் வேலூரில் இவ்வறுவைகள் நடைபெற்றன. வீணாயின என்று அவரே எண்ணியிருந்த தச்சுப்பயிற்சி ஆண்டுகள் இப்போது கைகொடுத்தன.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பது அந்நாளைய நம்பிக்கை. நோயாளிகளோடு நெருங்கிப் பழகிய பிராண்டு அது பிழையென மெய்ப்பித்தார். வலியுணர்வு அற்ற கை, சுடுபாத்திரத்தை அறியாது பற்றுகிறது. முள் தைத்த கால் தொடர்ந்து நடக்கிறது. இரவில் உறங்குவோரின் விரல்களை எலிகள் கடித்துச் செல்வதையும் கண்டறிந்தார். ஒவ்வொருவரும் பூனை வளர்க்கலாயினர், அவ்விழப்பு நின்றது.

மற்றுமொரு தடையும் எழுந்தது. குணமடைந்த கைகளோடு சென்றவர்களுக்கு எவரும் வேலை தரவில்லை. மடங்கிய கைக்குக் கிடைத்த பிச்சையும் நிமிர்ந்த கைக்குக் கிடைக்கவில்லை. கையைச் சீர்செய்து மனிதனைத் தெருவில் விடுதல் தொண்டாகாது என்று உணர்ந்து, 1951-இல் வேலூரில் நவசீவ நிலையத்தைத் தொடங்கித் தச்சுத்தொழில் கற்பித்தார். பின்னர்க் கரிகிரியில் பெரியதொரு தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் எழுந்தது.

அவர்தம் ஒப்புக்கொடுத்தல் சோதிக்கப்பட்ட இரவொன்று உண்டு. நெடும்பயணம் முடித்து இலண்டன் வந்து சேர்ந்தபோது, தம் குதிகாலில் உணர்வில்லை என்று கண்டார். நோய் தம்மையும் பற்றிவிட்டதென்றே நம்பினார். மனைவி மக்களைப் பிரிந்து வாழும் வாழ்வை எண்ணி இரவு முழுதும் கலங்கினார். விடிந்ததும் ஊசியால் குத்திப் பார்த்தார்; சுரீரென்று வலித்தது. பயணத்தில் அழுந்திய நரம்பே மரத்திருந்தது. அன்று முதல் வலியை இறைவனின் கொடை என்று நன்றியோடு போற்றினார். அந்த இரவுக்குப் பின்னரும் அவர் பணியைக் கைவிடவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

1960-இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று பல்லாண்டு உழைத்தார். தாயார் ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விட்டகலாது 1974-இல் மறைந்தார். பிராண்டு 2003 சூலை 8-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். திருமணி இல்லம் 1955-இல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாயிற்று. வறிய தொழுநோயரைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ 2016-இல்தான் நீக்கப்பட்டது.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரை வரை நம் மக்கள் கையை நம்பி வாழ்பவர்கள். நாற்று நடும் கை, கல்லுடைக்கும் கை, உளி பிடிக்கும் கை, வலையிழுக்கும் கை. இக்கை மடங்கினால் அன்றைய கூலி மடங்கும். இதே கை தீண்டத்தகாதது என்று தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் தீண்டாமையின் கொடுமையை உணர்ந்த நம் சேரிகளிலேயே தொழுநோயருக்குத் தனிக்குவளையும் தனித்திண்ணையும் ஒதுக்கிய வழக்கம் இருந்ததே! வேலூரில் இளைஞனொருவனின் தோளில் பிராண்டு கைவைத்தபோது அவன் விம்மி அழுதான். நெடுங்காலமாக அவனை எவரும் தொட்டதில்லை. அக்கண்ணீரின் பொருள் நமக்கு விளங்காமற்போனால், வேறெவர்க்கு விளங்கும்?

நம் சங்கத்தின் உதவியால் கற்ற பிள்ளைகள் மருத்துவராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் வருகின்றனர். சீர்செய்த கைக்கு வேலை வேண்டும் என்று பிராண்டு உணர்ந்தது போலவே, படித்த பிள்ளைக்குப் பணியும், பணிபெற்ற பிள்ளைக்குத் தன் தெருவை மறவாத நெஞ்சும் வேண்டும் என்று நாம் உணர்தல் நன்று. பிராண்டு தம்மை இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தார். இறைவன் அவரைத் திருமணியில் ஒரு மடங்கிய கையிடம் அனுப்பினார். நம் பிள்ளைகளுக்காகவும் அத்தகைய கைகள் நம் ஊர்களிலேயே காத்திருக்கின்றன. சென்று பற்றுவது அவர்தம் கடமை. பற்றுதற்குரிய வலிமையை அவர்க்கு அளிப்பது நம் கடமை.