முழங்காலை வெளியே நீட்டிய இன்ஜினீயர்: யார் இந்த யார்னோ சாரினென்?

சனி, ஞாயிறு வந்தால் போதும். ராமநாதபுரம் தாண்டி பாம்பன் பாலம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என பைக்குகள் வரிசை கட்டுகின்றன. அங்கே எடுக்கும் ரீல்ஸ்களில் ஒரு போஸ் அடிக்கடி கண்ணில் படும். சீட்டிலிருந்து பாதி உடம்பு வெளியே, ஒரு முழங்கால் தரையை நோக்கி, தலை சைடு மிரருக்குப் பக்கத்தில். மோட்டோஜிபி பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த போஸ்தான்.

ஆனால், இது ஸ்டைலுக்காக வந்தது இல்லை. இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை உலகப் பந்தயக் களத்தில் நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் யார்னோ சாரினென். பின்லாந்துக்காரர், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர், 27 வயதில் டிராக்கிலேயே உயிரைவிட்டவர்.

பனியில் கற்ற பாடம்

1945 டிசம்பர் 11 அன்று பின்லாந்தின் துர்கு நகரில் பிறந்தார் சாரினென். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துபோகும் ஊர் அது. உறைந்த பனியின் மேல் பைக் ஓட்டும் ஐஸ் ரேஸ் அங்கே பிரபலம். சாரினெனின் ஆரம்பமும் அதுதான். பனியில் பைக் எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஹேண்டில்பாரை மட்டும் நம்பினால் கீழே விழ வேண்டியதுதான். உடம்பின் எடையை எங்கே வைக்கிறோம், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு திறக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

1970-ல் யமஹா பைக்குடன் உலக சாம்பியன்ஷிப்புக்கு வந்தார். பெரிய டீம் கிடையாது. பைக்கை அவரே பிரித்து, அவரே மாட்டினார். படிப்பை முடிக்க வேண்டும் என்பதற்காக சீசனின் கடைசிப் பந்தயங்களை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அப்படியும் 250 சிசி பிரிவில் நான்காம் இடம்! 1971-ல் முதல் கிராண்ட் பிரிக்ஸ் வெற்றி வந்தது. 1972-ல் 250 சிசி உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு, அசைக்க முடியாதவராக இருந்த இத்தாலியின் ஜியாகோமோ அகோஸ்தினியை 350 சிசி பந்தயங்களில் தோற்கடித்தும் காட்டினார்.

அப்படி என்ன மாற்றினார்?

அந்தக் காலத்து வீரர்கள் இரண்டு முழங்கால்களையும் டேங்கோடு ஒட்டிவைத்து, பைக் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவே தாங்களும் சாய்ந்து வளைவார்கள். பார்க்க அழகாக இருக்கும். சாரினென் சீட்டிலிருந்து உள்பக்கமாக நகர்ந்து, உள்பக்க முழங்காலை வெளியே நீட்டினார். அவருக்கு முன்பும் சிலர் காலை லேசாக வெளியே விட்டதுண்டு. ஆனால், அப்படி ஓட்டி உலக சாம்பியனே ஆகலாம் என்று காட்டியது சாரினென்தான்.

இதில் என்ன லாபம்? மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே விழாமல் திரும்ப, பைக்கும் நீங்களும் சேர்ந்த எடையின் மையம் சுமார் 45 டிகிரி சாய்ந்தாக வேண்டும். அதே வளைவில் வேகத்தை இரட்டிப்பாக்கினால், பக்கவாட்டில் தேவைப்படும் பிடிமானம் நான்கு மடங்காகிவிடும். இயற்பியல் யாருக்கும் தள்ளுபடி தராது.

ஆனால், சாய வேண்டியது அந்த எடை மையம்தான். பைக்கே முழுதாகச் சாய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பைக் 150 கிலோ, நீங்கள் 75 கிலோ. உங்கள் உடம்பை 15 செ.மீ. உள்பக்கம் நகர்த்தினால், மொத்த எடையின் மையம் 5 செ.மீ. நகரும். அந்த மையம் 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், பைக்கைக் கிட்டத்தட்ட 5 டிகிரி குறைவாகச் சாய்த்தாலே போதும். அதாவது, அதே வேகம், அதே வளைவு. ஆனால் டயரின் விளிம்புக்கு வேலை குறைவு, ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும் ஆபத்தும் குறைவு. மிச்சமான அந்த 5 டிகிரி, ஏதாவது தப்பானால் சமாளிப்பதற்கான இடம்.

இன்று டிராக் பயிற்சியில் இதைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். பைக் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவுக்கு முன்பே பாதி இடுப்பை உள்பக்கம் நகர்த்த வேண்டும். பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்டில் இருக்க வேண்டும். வெளிப்பக்கத் தொடை டேங்கை இறுக்கிப் பிடிக்க, கைகள் தளர்வாக இருக்க வேண்டும். தலையும் தோளும் உள்பக்கம், பார்வை வளைவு முடியும் இடத்தில். முழங்கால் தரையில் படுவது இதற்கெல்லாம் பிறகு தானாக நடக்கிற விஷயம். அது இலக்கு இல்லை, எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று காட்டும் ஓர் அளவுகோல்.

உச்சியில் இருந்தபோது...

1973-ல் சாரினெனைப் பிடிக்க ஆளே இல்லை. அமெரிக்காவின் டேடோனா 200 பந்தயத்தில், 750 சிசி பைக்குகளுக்கு எதிராக 350 சிசி யமஹாவில் போய் ஜெயித்தார். அடுத்து இத்தாலியின் இமோலா 200. உலக சாம்பியன்ஷிப்பில் 250 சிசி பிரிவின் முதல் மூன்று பந்தயங்களும் அவருக்கே. 500 சிசி பிரிவிலும் முதல் இரண்டை வென்றார். மூன்றாவதில் செயின் அறுந்ததால் வெளியேறினார்.

மே 20, இத்தாலியின் மோன்சா டிராக். 250 சிசி பந்தயத்தின் முதல் லேப். வேகமான வலது வளைவில் முன்னால் போன ரென்சோ பசோலினி கீழே விழுந்தார். அவருடைய பைக் ஓரத்தில் இருந்த இரும்புத் தடுப்பில் மோதி, மறுபடி டிராக்குக்கே திரும்பி வந்தது. பின்னால் வந்த சாரினெனுக்கு விலக வழியே இல்லை. அடுத்தடுத்து வந்த பைக்குகளும் மோதின. பசோலினி, சாரினென் இருவரும் உயிரிழந்தனர். டிராக்கில் எண்ணெய் சிந்தியிருந்ததா, பசோலினியின் இன்ஜின் இறுகிவிட்டதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால், ஒரு விஷயத்தில் விவாதமே இல்லை. அந்தத் தடுப்புகள் கார்களுக்காக வைக்கப்பட்டவை. விழுந்த பைக் சறுக்கிப்போய் நிற்க அங்கே காலி இடம் இல்லை. சாரினென் உடம்பை வைத்த விதத்தில் எந்தத் தப்பும் இல்லை. டிராக்கில்தான் தப்பு இருந்தது. யமஹா அந்த சீசனின் மீதிப் பந்தயங்களிலிருந்து தன் டீமை விலக்கிக்கொண்டது.

அவர் விட்டுச்சென்றது

1972-ல் கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ டிராக்கில் சாரினென் ஓட்டியதைப் பார்த்த ஓர் அமெரிக்க இளைஞர், அந்த ஸ்டைலைத் தானும் பழகினார். அவர்தான் கென்னி ராபர்ட்ஸ். 1978, 79, 80 என மூன்று முறை 500 சிசி உலக சாம்பியன். அவர் வழியாக அந்த ஸ்டைல் உலகம் முழுக்கப் பரவியது. இன்று மோட்டோஜிபி வீரர்கள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறார்கள். முழங்கால் மட்டும் இல்லை, முழங்கையும் தரையில் உரசுகிறது.

நம்ம ரோட்டுக்கு இது தேவையா?

தனுஷ்கோடி சாலை பெரும்பாலும் நேர்க்கோடு. அங்கே முழங்காலை நீட்ட வளைவே அதிகம் இல்லை. ஆனால், காற்று அள்ளிவந்து கொட்டும் கடற்கரை மணல் உண்டு. மணல்மேல் போகும் டயருக்கு 5 டிகிரி சாய்வுகூட அதிகமாகிவிடலாம். இரண்டு பக்கமும் கடல், எதிரே சுற்றுலா வேன். மோன்சாவில் இல்லாத அந்தக் காலி இடம் இங்கேயும் இல்லை.

கற்க ஆசை இருந்தால் இடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் டிராக் உண்டு. எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், முழு ரைடிங் சூட் கட்டாயம், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். அங்கேயும் ஆபத்து முழுக்க நீங்கிவிடாது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தில் 13 வயது சிறுவன் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

ரோட்டில் சாரினெனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கணக்கை மட்டும்தான். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கைகளைத் தளர்வாக வையுங்கள். எதிர்பாராத ஒன்றைச் சமாளிக்க எப்போதும் கொஞ்சம் பிடிமானத்தை மிச்சம் வையுங்கள். அவர் உடம்பை நகர்த்தியதே அந்த மிச்சத்துக்காகத்தான்.